நீ பார்த்து முடி, அப்புறம் சொல்றேன்

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்க வந்திருந்தாள். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தின நாள் எவ்வளவு பயந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு செய்தி வந்தது. அலுவலகச் செய்தி. அவசரம்கூட இல்லை, நாளைய கூட்டம் அரை மணி நேரம் தள்ளிப் போகிறது என்ற தகவல். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே, "ம், சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அவள் நிறுத்திவிட்டாள். "பரவாயில்லடி, நீ பார்த்து முடி, அப்புறம் சொல்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அப்போதே மன்னிப்புக் கேட்டிருப்பேன். நான் போனை வைத்தபோது அவள் வேறு பேச்சுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலையில் கிளம்பியும் விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அவள் மகள் சொல்லித்தான் தெரிந்தது. சிகிச்சைக்கு முந்தின ராத்திரி அக்கா தூங்கவே இல்லையாம். ஒருவேளை பார்வை போய்விட்டால் என்று, வீட்டில் இருந்த பழைய போட்டோக்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதைத்தான் என்னிடம் சொல்ல வந்திருக்கிறாள்.

இந்தக் காலத்துப் பழக்கங்கள் மேல் எனக்கு நிறைய மனக்குறை உண்டு. பொது இடத்தில் ஊருக்கே கேட்கும்படி போனில் பேசுவது, அடுத்தவரை அழவைத்துச் சிரிப்பது, நல்ல பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது என்று, யாராவது காது கொடுத்தால் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். அக்கா வந்துபோன பிறகு அந்த வரிசையை வேறு மாதிரி பார்க்க வேண்டியதாகிவிட்டது. அதில் பாதி என்னிடமும் இருக்கிறது. அதனால் குறையை மட்டும் சொல்லாமல், எதை மாற்றிப் பார்த்தேன், எது சரிப்பட்டு வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எதிரில் இருப்பவரை விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபப்பிங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. போனையும், ஒருவரை மதிக்காமல் ஒதுக்குவதைக் குறிக்கும் ‘ஸ்னப்பிங்’ என்ற சொல்லையும் ஒட்டிச் செய்தது. 2012இல் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி அகராதிக்கான விளம்பர வேலை ஒன்றுக்காகச் சிலரைக் கூட்டி உட்காரவைத்து இதை உருவாக்கினார்கள். ஆள் கூட்டிப் பெயர் வைக்க வேண்டிய அளவுக்கு அப்போதே இந்தப் பழக்கம் முற்றியிருந்தது. தமிழுக்கு இப்படி ஒரு புதுச் சொல் தேவைப்படவில்லை. ‘முகம் கொடுத்துப் பேசுவது’ என்று நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ‘போனேன், முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை’ என்று யாராவது சொன்னால், அது எவ்வளவு பெரிய காயம் என்று விளக்க வேண்டியதில்லை. நான் அக்காவுக்கு முகம் கொடுக்கவில்லை. காதை மட்டும் கொடுத்தேன், அதிலும் பாதி.

அதற்காக, பழைய காலத்தில் எல்லாரும் ஒழுங்காக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு ‘ம்’ கொட்டியவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் மடித்து வைத்த செய்தித்தாள் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது.

முதலில் போனைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. கை தானாகப் போய்த் திருப்பிவிடும். சத்தத்தை அணைத்து வைத்தால் இன்னும் மோசம், ஏதாவது வந்திருக்குமோ என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கத் தோன்றியது. கடைசியில் சரிப்பட்டது ஒன்றுதான்: வீட்டுக்கு யாராவது வந்தால் போன் வேறு அறையில் இருக்கும், சத்தம் அணைக்காமல். மகனுக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கும் அண்ணனுக்கும் மட்டும் தனி மணி வைத்திருக்கிறேன். அது ஒலித்தால் எழுந்து போவேன். மற்றதெல்லாம் காத்திருக்கும். ஏதாவது முக்கியமான அழைப்பை எதிர்பார்க்கிற நாளாக இருந்தால், உட்காரும்போதே சொல்லிவிடுவேன்: "பையன் கூப்பிடுவான், வந்தா மட்டும் எடுத்துடறேன்." முன்கூட்டிச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தாலும் அங்கேயே உட்கார்ந்து பாதி இங்கே பாதி அங்கே என்று பேசாமல், எழுந்து வெளியே போய்ப் பேசி முடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் "நீங்க எதுல விட்டீங்க?" என்று கேட்கிறேன். இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட உதவுகிறது. விட்ட இடத்தை நாம் கேட்காவிட்டால், பெரும்பாலானவர்கள் அந்தப் பேச்சுக்குத் திரும்ப வருவதே இல்லை.

பதில் எதிர்பார்ப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. அதற்கு முன், கடிதம் போட்டால் கிடைத்ததா இல்லையா என்று தெரியாத ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் ‘வேலையாக இருப்பாள், உடம்பு முடியாமல் இருக்கும்’ என்று நல்லவிதமாக நினைத்துக்கொள்ள இடமிருந்தது. இப்போது ‘பார்த்துட்டே, ஏன் பதில் போடல?’ என்ற வழக்கு அடுத்த நிமிஷமே வருகிறது. என் அமைப்புகளில் அதை அணைத்துவிட்டேன். தனிப்பட்ட அரட்டைகளில் மற்றவர்கள் பார்த்ததும் எனக்குத் தெரியாது. அது எனக்கு இன்னும் நல்லது.

பொது இடத்தில் ஸ்பீக்கரில் வீடியோ ஓட்டுகிறவர்களிடம் என்ன சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். நான் பல வருஷம் முறைத்துப் பார்த்தேன், பெருமூச்சு விட்டேன், பக்கத்தில் இருப்பவரிடம் காது படப் பேசினேன். எதற்கும் பலன் இருந்ததில்லை. ஒருமுறை மருத்துவமனையில் காத்திருந்தபோது, மேலே சொன்ன எதையும் செய்யத் தெம்பில்லாமல், "தம்பி, எனக்குத் தலை ரொம்ப வலிக்குது, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் உடனே அணைத்துவிட்டார். சாரி வேறு சொன்னார். அன்று முதல் அப்படித்தான் கேட்கிறேன். அவர் செய்வது தப்பு என்று தொடங்காமல், எனக்கு என்ன ஆகிறது என்று தொடங்குவேன். எல்லாரும் கேட்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கேட்காதவர்களிடம் இரண்டாவது முறை சொல்வதில்லை, நான் இடம் மாறிக்கொள்கிறேன். இன்னொன்றும் கவனித்தேன். ஸ்பீக்கரில் பேசும் வயதானவர்களில் சிலருக்குக் காது மந்தம். போனைக் காதில் வைத்தால் கேட்பதில்லை. அது தெரியாமல் முன்பு முறைத்ததை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

சரி, சிரிப்புக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

அண்ணன் மகனுக்குப் பதினேழு வயது. நல்ல பிள்ளை, பாட்டி மேல் உயிர். ஒரு விடுமுறையில் எல்லாரும் கூடியிருந்தபோது, போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய், "பாட்டி, அப்பா வண்டியிலேர்ந்து விழுந்துட்டாராம், ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க" என்றான். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கை நாற்காலியின் பிடியைத் தேடியது. வாய் திறந்தது, குரல் வரவில்லை. ஒரு பத்து நொடி இருக்கும். அப்புறம் அண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

அன்று ராத்திரி அம்மா மூன்று முறை எழுந்து, அண்ணன் படுத்திருந்த அறை வாசலில் போய் நின்றுவிட்டு வந்தாள். மூன்றாவது முறை நான் எழுந்து போய், என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்ல, மூச்சு சீரா வருதான்னு பார்த்தேன்" என்றாள்.

நான் ஏன் சிரித்தேன் என்று பல நாள் யோசித்தேன். ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர்கள் பேசிச் சிரிப்பதைப் பொது இடங்களில் கவனித்து, 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்துப் பார்த்திருக்கிறார். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை பத்து முதல் இருபது சதவீதம்தான். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட்டத்தில் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். வேடிக்கைக்காகச் சிரிப்பதைவிட, கூட இருப்பவர்களோடு ஒட்டிக்கொள்ளத்தான் அதிகம் சிரிக்கிறோம். அன்று எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அண்ணன் சிரித்தார், அதனால் நாங்கள் சிரித்தோம். அம்மா சிரித்ததும் அதற்காகத்தான். தனித்து நிற்க அவளுக்கு மனமில்லை. பலியானவரும் சிரித்துவிட்டார், அதனால் தப்பில்லை என்று வாதாடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியம் நகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். இப்போதுதான் அது உறைக்கிறது. கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று மடனுக்கு உரைகளில் ஒரு விளக்கம் வரும். ஒருவர் அறிவித்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதை விடாமல் பிடித்துக்கொள்வது. அம்மா அன்று செய்தது அதுதான். பேரன் சொன்னான், நம்பினாள். அந்த நம்பிக்கையைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். ஒருவர் வெகுளியாக நம்பி, எல்லாரும் சேர்ந்து பிறகு கொண்டாடுகிற சிரிப்பும் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. குழந்தைகள் எதையாவது நம்பிக் கேட்கும் கேள்விக்குச் சிரிக்கிறோமே, அதில் யாருக்கும் வலியில்லை. ஆனால் மடனும் எள்ளலும் ஒன்று சேர்ந்து, நடுவில் கேமராவும் வந்துவிட்டால், அது என்னால் தாங்க முடியாததாகிவிடுகிறது.

மறுநாள் அந்த வீடியோவைக் காட்டினான். அம்மாவின் கை நாற்காலியைத் தேடும் இடத்தை மெதுவாக்கி, அதன்மேல் ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தத்தை ஏற்றியிருந்தான். இந்த ஏற்றிவைத்த சிரிப்பு பழைய சரக்கு. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் இதற்கென்றே ஒரு இயந்திரம் செய்தார். விசைகளைத் தட்டினால் பதிவு செய்துவைத்த சிரிப்பு வரும், மெல்லிய சிரிப்பு ஒரு விசையில், வெடிச்சிரிப்பு இன்னொன்றில். இது சிரிக்கத்தக்கதா என்று பார்ப்பவர் முடிவு செய்வதற்குள், யாரோ முன்பே சிரித்துவிட்டிருப்பார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு அந்த இயந்திரம் இன்று போனிலேயே கிடைக்கிறது.

எல்லார் முன்னாலும் அவனைத் திட்டவில்லை. சாயங்காலம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டி ராத்திரி மூன்று முறை எழுந்ததையும், என்னிடம் சொன்னதையும் மட்டும் சொன்னேன். வேறு புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் வந்தான். "அத்தை, ஏற்கெனவே ரெண்டு பேருக்கு அனுப்பிட்டேன்" என்றான். அவர்களைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னான், தானும் அழித்தான். வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து சாரி பாட்டி என்றான். அம்மா, "எதுக்குடா? நான்தான் சிரிச்சேனே" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவரை வைத்து எடுத்த எதையும் அவரிடம் கேட்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. அந்தக் கேள்வியையும் எல்லார் முன்னாலும் கேட்பதில்லை. கூட்டத்தில் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அம்மாவைப் போலச் சிரித்துவிட்டுப் போவார்கள். தனியாகக் கேட்க வேண்டும், ஒரு நாள் கழித்துக் கேட்க வேண்டும். ஒரு நாள் கழித்து அதை அனுப்பும் ஆசையே பாதி நேரம் போய்விடுகிறது என்று மருமகனே சொன்னான். பெரிய தளங்களுக்கும் இது புரியாமல் இல்லை. ஆபத்தான குறும்புகளையும், குழந்தைகளுக்குக் கடும் மனவேதனை தரும் குறும்புகளையும் 2019 ஜனவரியில் யூடியூப் வெளிப்படையாகத் தடை செய்தது. ஆனால் வீட்டுக் கூடத்தில் நடப்பதற்குத் தளம் என்ன செய்ய முடியும்?

உறவுக் குழுவில் வரும் நகைச்சுவைகள் இன்னொரு தலைவலி. நிறம், உடல் பருமன், திக்குவாய், மனைவி என்ற நாலு பேரை விட்டால் சிரிக்க ஆள் இல்லாதது போல் வருகிறது. குழுவில் எனக்குத் தெரிந்தே ஒரு பையனுக்குத் திக்குவாய் இருக்கிறது. முன்பெல்லாம் நானும் மரியாதைக்கு ஒரு சிரிப்பு முகம் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தினேன். அதிகம் அனுப்புகிற மாமாவுக்குத் தனியாக எழுதினேன்: "மாமா, இதை அந்தப் பையனும் படிக்கிறான். அவன் இடத்துல இருந்து பார்த்தேன், கஷ்டமா இருந்தது." மாமா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார். அனுப்புவதை முழுக்க நிறுத்தவில்லை, ஆனால் திக்குவாய் பற்றி எதுவும் வருவதில்லை. குழுவிலேயே பதில் போட்டிருந்தால் அவர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டிருப்பார், அந்தப் பையனும் எல்லார் கண்ணிலும் பட்டிருப்பான்.

வாங்கும் பழக்கத்தில் என் குறை ஒரு ஹெட்போனில் தொடங்கியது. இரண்டரை வருஷம் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. அப்புறம் பத்து நிமிஷத்தில் சார்ஜ் தீர ஆரம்பித்தது. ஒலியில் எந்தப் பழுதும் இல்லை, பேட்டரிக்கு மட்டும் வயதாகிவிட்டது. கொண்டுபோன இடத்தில், "ஒட்டி வச்சிருக்காங்கம்மா, திறந்தா உடைஞ்சிடும், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். திருகாணி போட வேண்டிய இடத்தில் பசை போட்டால், வாங்கும்போதே அதற்கு நாள் குறித்தாயிற்று என்றுதானே அர்த்தம்?

இது இன்று நேற்று வந்த புத்தியும் இல்லை. 1924 டிசம்பரில் ஜெனீவாவில், உலகின் பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணி அமைத்தார்கள். அதற்கு முன் 1,500 மணி நேரமும் அதற்கு மேலும் எரிந்த பல்புகளை 1,000 மணி நேரத்துக்குக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதைவிட அதிகம் எரிகிற பல்பைச் செய்த நிறுவனத்துக்கு அபராதம். சோதனைக்கூடத்தில் வைத்து எரியவிட்டுப் பார்த்து அபராதம் போட்டார்கள். நல்ல பொருள் செய்ததற்குத் தண்டனை! இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஹெட்போனை இன்னொருவரிடம் கொண்டுபோனேன், பழைய ரேடியோக்களைச் சரிசெய்கிறவர். மெல்லிய சூடு காட்டிப் பசையை இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பித் திறந்தார். உள்ளே பேட்டரிமேல் ஆறு இலக்க எண் இருந்தது. அது பெரும்பாலும் அதன் அளவுதான் என்று காட்டிக்கொடுத்தார். 502030 என்றால் 5 மில்லிமீட்டர் தடிமன், 20 அகலம், 30 நீளம். அந்த அளவிலும் அதே வோல்டிலும் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். இன்றும் ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை: லித்தியம் பேட்டரியைக் கத்தியால் நெம்புவதோ குத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டீன் போஸ்ட்மா என்பவர், பழுதான பொருளைக் கொண்டுவந்து தெரிந்தவர்களோடு உட்கார்ந்து சரிசெய்யும் கூடங்களைத் தொடங்கினார். இப்போது அது பல நாடுகளில் நடக்கிறது. சட்டமும் மெல்ல வருகிறது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. 2022இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. என் ஹெட்போன் அந்தக் குவியலுக்குப் போகாததில் எனக்கு உண்மையான சந்தோஷம். இப்போதெல்லாம் எதையும் வாங்கும் முன் கேட்கும் முதல் கேள்வி, ‘பேட்டரி மாத்த முடியுமா, திருகாணி இருக்கா?’ என்பதுதான். விற்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதே எனக்கு ஒரு பதில்தான்.

ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்டே வாங்கும் பழக்கமும் எனக்கு இருந்தது. ஒரு தட்டு, வீட்டுக்கு வந்துவிடும். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, 2017 வரை வைத்திருந்தது. முகவரி, அட்டை எண், ‘உறுதியாகவா?’ என்ற கேள்வி எல்லாம் நடுவிலிருந்து போய்விட்டன. யோசித்துப் பார்த்தால் நீல டிக்கிலும் ஏற்றிவைத்த சிரிப்பிலும் இதே வேலைதான் நடக்கிறது. செய்யலாமா என்று நிதானிக்க இருந்த ஒரு மூச்சு நேரத்தை நடுவிலிருந்து உருவி எடுத்துவிடுகிறார்கள். அதனால் அந்த மூச்சு நேரத்தை நானே திரும்ப வைத்துக்கொண்டேன். சேமித்து வைத்திருந்த அட்டை விவரத்தை எல்லாக் கடைகளிலும் அழித்தேன். வாங்கத் தோன்றினால் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, நாலு நாள் கழித்துப் பார்க்கிறேன். நோட்டில் பாதிக்கு மேல் அடித்துத்தான் இருக்கிறது. சில வரிகளைப் பார்த்தால், அதை ஏன் விரும்பினேன் என்றே நினைவில்லை.

சந்தாக்களில் இன்னும் கவனம் வேண்டும். சேருவதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஆறு பக்கம் தேட வேண்டும். இப்படிப் பயனரை மடக்கும் வடிவமைப்புக்கு ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டார். இணையத்தில் விற்கும் சந்தாவுக்கு அங்கேயே விலகும் பொத்தானும் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் 2022 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களில், சேரும் நாளிலேயே விலகும் வழியைக் கண்டுபிடித்து எழுதிவைப்பதுதான் வழி. வழி தெரியாவிட்டால் நான் சேருவதில்லை.

கடைசியாக, சொல்ல வெட்கமாக இருக்கும் ஒன்று. தப்பான பொருள் வந்து, திருப்பி எடுக்க மறுத்தபோது, வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து ஒரு பெண்ணிடம் கத்தினேன். பதினைந்து நிமிஷம் இசை கேட்டுக் காத்திருந்த கோபம் முழுக்க அவள் மேல் போனது. அவள் ஒரு இடத்தில், "மேடம், என்னால முடிஞ்சா கண்டிப்பா செஞ்சு கொடுத்திருப்பேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. அந்த விதியை அவள் போடவில்லை. போட்டவர் போனை எடுக்கவே மாட்டார். இதெல்லாம் தெரிந்தும் கத்தினேன். அழைப்பு முடிந்ததும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. பரவாயில்லை என்று நினைத்து 6 போட்டேன். 2003இல் வெளிவந்து பல நிறுவனங்கள் பின்பற்றும் ‘நெட் புரமோட்டர்’ கணக்கில், 9ம் 10ம் போட்டால்தான் ஆதரவு, 7, 8 எதிலும் சேராது, 6ம் அதற்குக் கீழும் எதிர்ப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அவளைத் திட்டியதும் போதாமல், அவள் பெயரில் ஒரு எதிர்ப்பும் எழுதிவைத்தேனோ என்னவோ.

இப்போது கூப்பிடும் முன் இரண்டு வரி எழுதிக்கொள்கிறேன்: ஆர்டர் எண், தேதி, என்ன தப்பு, எனக்கு வேண்டியது பணமா மாற்றுப் பொருளா. எடுத்தவர் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே பேசுகிறேன். "உங்க மேல கோபம் இல்லம்மா, இதை முடிவு பண்ற அதிகாரம் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டால், பெரும்பாலும் அடுத்த படிக்கு அவர்களே மாற்றிவிடுகிறார்கள். புகார் எண் வாங்காமல் வைப்பதில்லை. கத்தியபோது நடக்காத வேலை இப்படி நடந்திருக்கிறது. நடக்காத நாளும் உண்டு. அன்றும் அந்தப் பெண்ணுக்குப் பத்துதான் போடுகிறேன், நிறுவனத்தின் மேல் உள்ள புகாரைத் தனியாக எழுதுகிறேன்.

போன வாரம் அக்காவைக் கூப்பிட்டேன். செய்தி போடாமல், நேராகக் கூப்பிட்டேன். எடுத்ததும், "என்னடி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள். காரணம் இல்லாமல் யாரும் கூப்பிடாத காலமாகிவிட்டதே.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. அன்னிக்கு நீ கண் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சே, நான்தான் கேக்கல. இப்போ சொல்றியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இரு, அடுப்பை அணைச்சுட்டு வரேன்" என்றாள்.